பிள்ளைகளுக்கு எந்த அண்ணன் தம்பிக் கதை?

பிள்ளைகளுக்கு மாயக்கதைகள் வேண்டுமா, வேண்டாமா என்பது பற்றி நம்மவர்களுக்குள்ளேயே இரண்டு விதமான அபிப்பிராயங்கள் இருந்து வருகின்றன. "பூதம், பேசும் குதிரை, நெருப்புக் கக்கும் பாம்பு என்பவையெல்லாம் மூடநம்பிக்கையின் விதை. பகுத்தறிவுள்ளவன் வீட்டில் அவற்றுக்கு என்ன வேலை?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். "கதை என்றால் கதைதானே. எதையாவது படித்துவிட்டுப் போகட்டும், அதனால் என்ன குடி முழுகிவிடும்?" என்று மற்றொரு சாரார் சொல்லுகிறார்கள். இந்த இரண்டு பேச்சும் சரியல்ல என்பதுதான் நமது அபிப்பிராயம். முதல் பேச்சு கற்பனையையும் பொய்யையும் ஒன்றாகப் பாவிக்கிறது. இரண்டாவது பேச்சு கதைக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே மறுக்கிறது.

கற்பனை வேறு, பொய் வேறு. கதை என்று சொல்லிச் சொல்லப்படுவது கற்பனை. கதையை நடந்தது என்று சாதித்து, அதை நம்பு, அதற்குப் பயப்படு, அதற்குப் பணம் கொடு என்று கேட்பது பொய். விளக்குமாற்றைக் குதிரையாக்கித் தெருவெல்லாம் ஓட்டுகிற பிள்ளை ஒருநாளாவது அதற்குக் கொள்ளு வைத்ததுண்டா? அது குதிரையல்ல என்று அப்பிள்ளைக்கு நன்றாய்த் தெரியும். சுட்ட மண்குதிரைக்கு மாலை போட்டுப் படையல் வைக்கிறவர்கள் பெரியவர்களே ஒழிய பிள்ளைகள் அல்ல. ஆகவே கற்பனையால் பிள்ளைகளின் புத்தி கெட்டுவிடும் என்று பயப்படுவதற்கு நியாயமே இல்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அக்கற்பனைக்குள்ளே எந்த நீதியை ஒளித்து வைத்து ஊட்டுகிறார்கள் என்பதற்குத்தான்.

இளைஞர்களுக்கென்று உலகமெங்கும் எழுதப்படுகிற சாகச நாவல்களில் ஒரு வகை உண்டு. அண்ணனும் தம்பியும், அல்லது அண்ணன் தம்பிபோல் பழகிய நாலைந்து பேரும், வீட்டைவிட்டுக் காட்டிலோ மலையிலோ அகப்பட்டுக் கொள்ளுவார்கள். பசி, வெள்ளம், பகைவன், மிருகம், மாயம் எல்லாம் வரும். ஒருவரை ஒருவர் கைவிடாமல் பிழைத்து வருவார்கள். இதைப் பிள்ளைகள் ஊண் உறக்கமின்றிப் படிக்கிறார்கள். நாமும் படிக்கட்டும் என்றே சொல்லுகிறோம். ஆனால் மூன்று கேள்விகளை மாத்திரம் கேட்கிறோம். இக்கதையில் சகோதரன் என்பவன் யார்? பிழைத்தவர்கள் யாருடைய செலவில் பிழைத்தார்கள்? பிழைத்து வந்தவர்களை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது? இம்மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஓர் ஊரைச் சுற்றிப் பார்ப்போம்.

சந்தவாசலைச் சுற்றி

திருவண்ணாமலை ஜில்லா போளூர் தாலூகாவில், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பது சந்தவாசல். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலையின் மேலே, சாமை விதைத்தும் தேன் எடுத்தும் புளியும் கடுக்காயும் சேகரித்தும் வாழ்ந்து வந்த மலையாளிப் பழங்குடி மக்கள். மலையாளி என்றால் இங்கே கேரளத்துக்காரர் என்று பொருளல்ல. மலையை ஆளுகிறவர், மலையில் வாழுகிறவர் என்பதே பொருள். சந்தவாசலுக்குப் பக்கத்திலே ரேணுகாம்பாள் கோவிலுள்ள படவேடு. சுற்றிலும் போளூர், ஆரணி, செய்யாறு என்று பாரதக் கூத்துக்குப் பேர்போன பூமி. இப்பேர்ப்பட்ட இடத்தில் பிறக்கும் ஒரு பிள்ளைக்கு அண்ணன் தம்பிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றல்ல, மூன்று கதைகள் அதன் தலைமாட்டிலேயே இருக்கின்றன. மூன்றையும் எடுத்துப் பரிசோதிப்போம்.

முதலாவது, படவேட்டுக் கதை. ஜமதக்னி என்னும் ரிஷியின் ஆசிரமம் அங்கே இருந்ததாக ஸ்தல புராணம். ரிஷியின் மனைவி ரேணுகை தண்ணீர்த் துறையில் ஒரு கந்தர்வனைக் கண்டு ஒரு கணம் மனம் சலித்தாளாம். அதற்காக அவள் தலையை வெட்டும்படி ரிஷி தன் பிள்ளைகளுக்கு உத்தரவிட்டாராம். மகாபாரதத்தின் வனபர்வத்தில் சொல்லியிருக்கிறபடி பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவர்கள் நான்கு பேரும் பெற்ற தாயை வெட்டவில்லை. அதற்காக அறிவிழந்து மிருகங்களைப்போல் ஆகும்படி சபிக்கப்பட்டார்கள். கடைசிப் பிள்ளை பரசுராமன் கோடரியை எடுத்து வெட்டினான். அவன் அவதார புருஷன் ஆனான். அவன் பெயர் எல்லோருக்கும் தெரியும். வெட்ட மறுத்த நால்வரின் பெயரைப் படவேட்டுக்குப் போய்வரும் பக்தர்களில் எத்தனை பேர் சொல்லுவார்கள்?

"பிறகு பரசுராமன் வரம் கேட்டுத் தாயையும் அண்ணன்மார்களையும் மீட்டுக் கொடுத்தானே" என்று சமாதானம் சொல்லுவார்கள். நாம் கேட்கிறோம். கதை கேட்கும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? உயிரைத் திருப்பிக் கொடுக்கும் வரம் எந்த வீட்டிலும் கிடைக்காது. கோடரி மாத்திரம் எல்லா வீட்டிலும் கிடைக்கும். ஒரு பெண்ணின் மனம் சலித்தது என்ற சந்தேகத்துக்காக அவளைக் கொல்லலாம், கொன்றவன் வீரன், கொல்ல மறுத்தவன் மிருகம் என்பதல்லவா இதில் மிஞ்சுகிற பாடம்? ஜாதி விட்டுக் கலியாணம் செய்துகொண்ட தங்கையை அண்ணனே வெட்டினான் என்று இன்றும் பத்திரிகையில் படிக்கும்போது பதறுகிறோமே, அப்படிச் செய்தவனை அவதாரம் என்று கொண்டாடியது எந்தக் கதை என்று யோசித்தோமா?

அரக்கு மாளிகை

இரண்டாவது, பாரதக் கதை. அண்ணன் தம்பி ஒற்றுமைக்கு அதைவிடப் பெரிய உதாரணம் உண்டா என்பார்கள். ஐந்து பேர், ஒரு தாய். அரக்கு மாளிகையில் வைத்து எரிக்கச் சதி. சுரங்கத்தின் வழியாகத் தப்புகிறார்கள். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கட்டம்தான். ஆனால் அதே ஆதிபர்வத்தில் சொல்லியிருக்கும் மற்றொரு சங்கதியைக் கதை சொல்லுகிறவர்களில் அநேகர் வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுகிறார்கள். அன்று இரவு அந்த மாளிகையில் சாப்பாட்டுக்கு வந்த ஒரு வேட்டுவச்சியும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் குடித்துவிட்டுத் தூங்கிக் கிடந்தார்கள். அவர்கள் உள்ளே இருக்கும்போதே பீமன் மாளிகைக்கு நெருப்பு வைத்தான். மறுநாள் கரிந்து கிடந்த ஆறு உடல்களைக் கண்டு, செத்தது குந்தியும் பாண்டவர்களும்தான் என்று ஊர் நம்பியது.

அவர்களும் ஒரு தாயும் ஐந்து பிள்ளைகளும்தான். அவர்களும் அண்ணன் தம்பிகள்தான். ராஜா வீட்டு ஐந்து பேர் பிழைப்பதற்காகக் காட்டு ஜனங்களில் ஐந்து பேர் எரிந்தார்கள். அதைப் பற்றி யாரும் அழவில்லை. இந்தக் கூத்தை இரவெல்லாம் விழித்துப் பார்க்கிற ஒரு மலையாளிப் பிள்ளை யாரோடு தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்? சுரங்கத்தில் தப்பினவர்களோடா, மாளிகையில் எரிந்தவர்களோடா?

நிற்க, இதில் மற்றொரு விசேஷமும் உண்டு. பாண்டவர்கள் செத்தார்கள் என்று நம்பிய திருதராஷ்டிரன் அவர்களுக்கு நீர்க்கடன் முதலிய கருமங்களைச் செய்து வைத்தான். கொஞ்ச காலத்துக்கெல்லாம் ஐவரும் துரௌபதியோடு உயிருடன் வெளிப்பட்டார்கள். அப்போது எவனாவது "உங்களுக்குக் கருமம் முடிந்துவிட்டது, நீங்கள் செத்தவர்கள், ஊருக்குள் வரக்கூடாது" என்று சொன்னானா? இல்லை. பாதி ராஜ்யத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். இதை வாசகர்கள் நன்றாய் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது கதைக்கு வரவேண்டும்.

ஏழு நாய்க் கதை

மூன்றாவது, ஜவ்வாது மலையாளிகளின் சொந்தக் கதை. எட்கர் தர்ஸ்டன் என்பவர் 1909இல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலில் இது பதிவாகியிருக்கிறது. கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். வேளாளர் ஏளனமாய் மறுத்தார்கள். ஆத்திரம்கொண்ட வேடர்கள் ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். புறப்படும்போது மனைவிமார்களிடம், "நாய்கள் மாத்திரம் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொண்டு செய்யவேண்டிய கருமங்களைச் செய்துவிடுங்கள்" என்று சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் நீந்திக் கடந்தார்கள். நாய்கள் பாதியில் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டன. மனைவிமார்கள் கருமத்தைச் செய்து முடித்தார்கள். ஏழு பேரும் வேடரை வென்று ஊருக்குத் திரும்பினால், அவர்கள் செத்தவர்கள் ஆகிவிட்டார்கள்! ஜாதியில் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே வேடர் பெண்களையே மணந்துகொண்டு ஜவ்வாது மலையேறி உழுது பயிரிட்டு வாழ்ந்தார்கள். அவர்களுடைய சந்ததியே மலையாளிகள் என்பது கதை.

இது சரித்திரமா என்று கேட்டால், நாம் அப்படிச் சொல்லவில்லை. கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலைகளில் இதே மக்கள் வேறு விதமாகச் சொல்லுகிறார்கள். அங்கே பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் காஞ்சியிலிருந்து வந்து, வேறு வேறு ஜாதிப் பெண்களை மணந்து, மலைக்கு ஒருவராய்ப் பிரிந்து குடியேறினார்கள் என்பது கதை. இரண்டிலும் பொதுவாக நிற்பது ஒன்றுதான். சமவெளியின் ஜாதிக் கட்டிலிருந்து வெளியே வந்த சகோதரர்கள், ஜாதி விட்டு மணந்து, மலையிலே ஒரு புதிய ஜன சமூகத்தை உண்டாக்கினார்கள். கதை மெய்யாயிருந்தாலும் பொய்யாயிருந்தாலும் அதைக் கட்டியவனுக்குச் சமவெளியின் யோக்கியதை நன்றாய்த் தெரிந்திருக்கிறது என்பது மாத்திரம் மெய்.

எப்படியெனில், அந்த ஏழு பேரையும் கொன்றது எது? வேடன் அம்பா? இல்லை. பாலாற்று வெள்ளமா? இல்லை. வெள்ளத்தையும் பகையையும் வென்று உயிரோடு வாசலில் வந்து நின்றவர்களை எள்ளும் தண்ணீரும் கொன்றது. கண்ணுக்கு முன்னால் நின்று பேசுகிறவனைக் காட்டிலும், அவனுக்குச் செய்து முடித்த சடங்குதான் மெய் என்று ஊர் முடிவு செய்தது. இதைக் கதைக்கட்டு என்று தள்ளிவிட முடியாது. உயிரோடிருப்பவனைச் செத்தவனாக்கும் வித்தை சாஸ்திரத்திலேயே இருக்கிறது. ஜாதியிலிருந்து விழுந்தவனுக்கு அவன் உயிரோடிருக்கும்போதே சுற்றத்தார் கூடிச் செத்தவனுக்குப்போல் தண்ணீர் இறைக்க வேண்டும், ஒரு வேலைக்காரி நீர்க்குடத்தைக் காலால் உதைத்துக் கவிழ்க்க வேண்டும் என்று மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம் முறை சொல்லுகிறது. ராஜா வீட்டுப் பாண்டவர்களுக்குச் செய்த கருமம் அவர்கள் திரும்பி வந்ததும் செல்லாமற் போயிற்று. உழுது பிழைக்கிற ஏழு பேருக்குச் செய்த கருமம் மாத்திரம் அழிக்க முடியாத முத்திரையாக நின்றுவிட்டது. ஒரே தண்ணீர், ஒரே எள், ஆனால் ஆளுக்கொரு நீதி! இதற்கு என்ன சமாதானம்?

காகிதமும் இதே காரியத்தைச் செய்யும் என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி உண்டு. உத்தரப் பிரதேசம் ஆஜம்கர் ஜில்லாவில் லால் பிஹாரி என்பவரை நிலத்துக்காகச் சர்க்கார் பதிவேட்டில் செத்தவராக எழுதிவைத்து விட்டார்கள். தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்க அவர் ஏறத்தாழ பதினெட்டு வருஷம் போராடி, 1994இல்தான் மறுபடியும் உயிர் பெற்றார். அவரைப்போல் ஏட்டில் செத்தவர்களைக் கூட்டி ஒரு சங்கமும் நடத்தினார். சடங்கோ காகிதமோ, மனிதனைவிட அது பெரிது என்று வைத்துக்கொண்டால் முடிவு இதுதான்.

இப்படிப்பட்ட நாவல்

தோழர்களே! இந்த ஏழு நாய்க் கதையை இளைஞர்களுக்கான ஒரு சாகச நாவலாக எழுத வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்த விஷயம். வெள்ளம் இருக்கிறது, நாய்கள் இருக்கின்றன, காடு இருக்கிறது, துரத்தல் இருக்கிறது, சகோதரத்துவம் இருக்கிறது. திரும்பி வந்தவனை வீடே அடையாளம் தெரியாதென்று சொல்லுகிற, பேய்க்கதையைவிடப் பயங்கரமான ஒரு கட்டமும் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

மாயமும் வேண்டுமென்றால் அதற்கும் மலையிலே குறைவில்லை. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைகளில் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய கல்திட்டைகள் ஏராளம். ஜனங்கள் அவற்றைக் குள்ளர் குகை என்றும் வாலியர் வீடு என்றும் சொல்லுவார்கள். சாண் உயரக் குள்ளர்கள் ஒரு காலத்தில் அவற்றில் குடியிருந்தார்களாம். அவை வீடுகளல்ல, பழங்காலத்து மக்கள் தங்களில் இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமச் சின்னங்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். நாவலாசிரியன் அக்கல்வீட்டுக்குள்ளிருந்து ஒரு குள்ளனைப் புறப்படச் செய்து, அண்ணன் தம்பிகளுக்கு வழிகாட்ட வைக்கட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை. புத்தகத்தின் கடைசியில் அந்தக் கல்வீடு உண்மையில் என்ன என்பதையும் ஒரு பக்கத்தில் சொல்லிவிடட்டும். கற்பனையின் ருசியும் போகாது, உண்மையின் ருசியும் பிள்ளைக்குத் தெரியும். உதயசங்கர் கீழடியை வைத்து எழுதிய 'ஆதனின் பொம்மை' என்னும் சிறுவர் நாவலுக்கு 2023இல் சாகித்திய அகாடமியின் பால புரஸ்கார் கிடைத்தது. மண்ணுக்கடியில் கிடைத்த பொருளைக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பனைக் கதை சொல்ல முடியும் என்பதற்கு அது ஒரு ருசு.

அன்றியும், நமது நாவலில் இரண்டு திருத்தங்கள் அவசியம் என்று சொல்லுவோம். ஒன்று, கதையைத் தூக்கிச் செல்லப்பட்ட பெண்களின் வாயாலும் சொல்ல வேண்டும். பெண் கொடுத்தான், பெண் கேட்டான், பெண் எடுத்தான், பெண்ணை மீட்டான் என்று ஆண்பிள்ளைகள் கணக்குப் பார்க்கும் சாமானாக அவர்களை வைத்திருப்பது போதும். அவர்களுக்கும் காலும் கையும் புத்தியும் உண்டு. மீட்க வருகிறவனுக்காக அழுதுகொண்டு காத்திராமல் தாங்களே தப்ப வழி தேடட்டும். மற்றொன்று, வேடனை அரக்கனாக்கக் கூடாது. பெண்ணைக் கடத்தியது அக்கிரமம். அதில் சந்தேகமில்லை. ஆனால் "நீ எனக்குச் சமமா?" என்று ஏளனம் செய்த ஜாதித் திமிரும் அக்கிரமம்தான். கதையின் முடிவிலே ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டது அவர்களைப் பெற்ற ஜாதியல்ல, அவர்கள் சண்டை போட்ட ஜனங்களே. சகோதரன் என்பவன் பிறப்பினால் உண்டாகிறவனல்லன், சேர்ந்து வாழ்வதினால் உண்டாகிறவன் என்று இதைவிட விளக்கமாய்ச் சொல்ல முடியுமா?

வெளி நாட்டில் எழுதப்பட்ட ஒன்றையும் ஒத்திட்டுப் பார்க்கலாம். சுவீடன் தேசத்து ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் என்னும் அம்மையார் 1973இல் அண்ணன் தம்பி இருவரைப் பற்றி 'லயன்ஹார்ட் சகோதரர்கள்' என்றொரு மாய நாவல் எழுதினார். நோயாளித் தம்பியை எரிகிற வீட்டிலிருந்து முதுகில் சுமந்து குதித்த அண்ணன் மாண்டு போகிறான். பிறகு தம்பியும் இறந்து, இருவரும் நங்கியாலா என்ற வேறோர் உலகத்தில் சந்தித்து, ஒரு கொடுங்கோலனை எதிர்க்கும் ஜனங்களோடு சேருகிறார்கள். அண்ணன் யாரையும் கொல்லச் சம்மதிக்காதவன், பகைவன் உயிரையும் காப்பாற்றுகிறவன். பயந்த தம்பி கொஞ்சங் கொஞ்சமாகத் தைரியசாலி ஆகிறான். இவையெல்லாம் மெச்சத் தக்கவையே. வெட்டச் சொன்னதும் வெட்டிய பரசுராமனுக்குப் பக்கத்தில் இந்த அண்ணனை நிறுத்திப் பாருங்கள், யார் மனிதன் என்று தெரியும்.

ஆனால் அந்த நாவலிலும் நமக்கு ஒப்பாத விஷயம் ஒன்று உண்டு. கஷ்டம் வந்தால் அதற்கு விமோசனம் மறு உலகத்தில் இருக்கிறது. அங்கேயும் கஷ்டம் வந்தால் அதற்கும் அப்பால் இன்னோர் உலகம் இருக்கிறது. கடைசியில் இருவரும் மறுபடி ஒரு முறை சாவதிலேயே கதை முடிகிறது. அது வெளிவந்த காலத்தில் அந்தத் தேசத்திலேயே இம்முடிவைப் பலர் கண்டித்தார்கள். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு அது ஆறுதல் என்று அதை ஆதரித்தவர்களும் உண்டு. அந்த ஆறுதலை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் உயிரோடிருக்கிற ஏழைப் பிள்ளைக்கு வேண்டியது மறு உலகத்தின் விலாசமல்ல, இந்த உலகத்தின் வழி. நமது ஏழு பேரைப் பாருங்கள். ஊர் அவர்களைச் செத்தவர்கள் என்றபோது அவர்கள் சாகவில்லை. மலையேறினார்கள், காடு திருத்தினார்கள், சாமை விதைத்தார்கள். சுவீடன் கதையில் செத்தவர்கள் வேறு உலகத்துக்குப் போனார்கள். ஜவ்வாது மலைக் கதையில் செத்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் இந்த உலகத்திலேயே ஒரு புது ஊரைக் கட்டினார்கள். எது பெரிய சாகசம்?

இது வெறும் புத்தகப் பேச்சல்ல

"சோற்றுக்கில்லாத மலைக்காட்டில் நாவல் எதற்கு?" என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். 2015ஆம் வருஷம் ஏப்ரல் 7ந் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரை அந்த ராஜ்யத்துப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்று போலீசார் சொன்னார்கள். மனித உரிமைக்காரர்கள் அதை மறுத்தார்கள். மாண்டவர்களில் இந்தத் திருவண்ணாமலை ஜில்லாக்காரர்களும் தருமபுரி ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். மரம் வெட்டக் கூலிக்குப் போகிறவன் ஏழை. மரத்தை விற்று லட்சக்கணக்கில் சம்பாதிப்பவன் அந்தக் காட்டுப் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டான். அண்ணன் போனால் தம்பியும் போவான், மாமன் கூப்பிட்டால் மருமகனும் போவான். காட்டில் அகப்படுவதும் பிழைப்பதும் இம்மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் கதையல்ல. அரக்கு மாளிகையில் இன்னொருவனுக்காக எரிந்தவர்கள் யார் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, "இந்தக் காட்டுக்கு என்னை அனுப்புகிறவன் யார், அவன் ஏன் வரவில்லை?" என்றும் கேட்கும். அந்தக் கேள்வி ஒரு புத்தகத்தின் விலையைவிட மதிப்புள்ளதல்லவா?

வேறு விதமான சாகசத்துக்கும் சாட்சி இருக்கிறது. 2024ஆம் வருஷம் பிப்ரவரியில், ஜவ்வாது மலையைச் சேர்ந்த 23 வயது மலையாளிப் பெண் ஒருவர் சிவில் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றதாகச் செய்தி வந்தது. பிள்ளை பெற்ற இரண்டொரு நாளில் மலையிலிருந்து சென்னைக்குப் பிரயாணம் செய்து பரீட்சை எழுதியவர் அவர். பூதமும் துணைக்கு வரவில்லை, தேவதையும் வரம் கொடுக்கவில்லை. படிப்பும் உறுதியும் வீட்டார் உதவியும்தான் துணை. ஜாதிக்கு வெளியே செத்தவர்கள் என்று எழுதப்பட்டவர்களின் சந்ததியாகச் சொல்லப்படும் கூட்டத்திலிருந்து ஒருத்தி, மற்றவர்களின் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும் நாற்காலிக்குப் போகிறாள் என்றால், ஏழு நாய்க் கதையின் கடைசி அத்தியாயத்தை அவளே எழுதிவிட்டாள் என்று சொல்லலாம்.

மற்றொரு ஆட்சேபணையும் வரலாம். "பழங்குடி மக்களின் கதையை எடுத்துத் திருத்த நீங்கள் யார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகையால்தான் சொல்லுகிறோம், இந்த நாவலை எழுதச் சரியான ஆள் சென்னையிலிருக்கும் எழுத்தாளரல்ல. ஜமுனாமரத்தூரிலோ சந்தவாசலிலோ பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைதான். பாட்டி சொன்ன கதை அதற்குத் தெரியும், வெள்ளம் வந்த ஓடை எப்படி இரையும் என்பதும் தெரியும். 1947 ஜூலையில் தொடங்கி அரை நூற்றாண்டுக்குமேல் நடந்த 'அம்புலிமாமா' எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அந்த உபகாரத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் கதாநாயகர்கள் பெரும்பாலும் ராஜகுமாரர்கள், மந்திரி குமாரர்கள், வியாபாரி பிள்ளைகள். காட்டு ஜனங்கள் வந்தால் வழிமறிக்க வருவார்கள், அல்லது ராஜகுமாரனுக்குச் சேவகம் செய்ய வருவார்கள். தன்னைப் போன்றவனைக் கதாநாயகனாகப் புத்தகத்தில் ஒருமுறையாவது பார்க்காத பிள்ளைக்குத் தன்மேல் மதிப்பு எங்கிருந்து வரும்?

இதற்குச் சர்க்காரையே நம்பிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். சுதந்திர இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல் நமது சென்னை ராஜதானியில். அந்தச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்பட்டு வருகிறது. கோவில் உண்டியலில் போட்ட காசுக்குக் கணக்குக் கேட்டால் நாஸ்திகன் என்பார்கள். நூலக வரிக்குக் கணக்குக் கேட்டால் அப்படிச் சொல்ல யாருக்கும் வாயில்லை. கிளை நூலகத்தில் பிள்ளைகள் புத்தகம் எத்தனை, அவை பூட்டிய பீரோவில் இருக்கின்றனவா, பிள்ளைகளின் கையில் இருக்கின்றனவா என்று வரி கொடுக்கும் ஒவ்வொருவரும் போய்க் கேளுங்கள். இதே ஜில்லாவில் வந்தவாசியில் வாழ்ந்து எழுதும் மு. முருகேஷுக்குப் பிள்ளைகள் புத்தகத்துக்காக 2021இல் பால புரஸ்கார் கிடைத்தது. ஆகையால் இந்தச் சீமையில் எழுத ஆளில்லை என்ற சாக்கும் செல்லாது.

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது மூன்று கதைகளையும் சொல்லுங்கள். எதையும் மறைக்க வேண்டாம். பரசுராமன் கதையைச் சொல்லிவிட்டு, "நீ அந்த ஐந்து பேரில் யாராக இருப்பாய்?" என்று கேளுங்கள். அரக்கு மாளிகையைச் சொல்லிவிட்டு, "உள்ளே தூங்கியவர்களை யார் எழுப்பியிருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். ஏழு நாய்க் கதையைச் சொல்லிவிட்டு, "வாசலில் உன் அண்ணன் உயிரோடு நிற்கிறான், ஊர் அவன் செத்தான் என்கிறது, நீ கதவைத் திறப்பாயா?" என்று கேளுங்கள். நாம் அறிந்தமட்டில் எந்தப் பிள்ளையும் சாஸ்திரத்தைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்லாது. கதவைத் திறப்பேன் என்றுதான் சொல்லும். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகும் அதே பதிலைச் சொல்லும்படி செய்வதுதான் நல்ல கதையின் வேலை.